ஒரு செயலி, பல கணினிகள்

2011 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் ‘சாண்டி பிரிட்ஜ்’ என்ற இரண்டாம் தலைமுறைக் கோர் செயலிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் ஐ7-2600 மாடலின் விலை 294 டாலர். ஐ7-2600கே மாடலின் விலை 317 டாலர். இரண்டிலும் நான்கு கோர்கள், இரண்டுக்கும் ஒரே அடிப்படை வேகம். ‘கே’ என்ற எழுத்துக்காகக் கொடுத்த கூடுதல் பணத்துக்கு, வேகத்தை விருப்பம்போல் ஏற்றிக்கொள்ளும் சுதந்திரம் கிடைத்தது. அதோடு ஒன்று பறிபோனது. விலை குறைந்த 2600-இல் இருந்த ‘விடி-டி’ என்ற வசதி, விலை கூடிய 2600கே-யில் இல்லை.

விளையாட்டுக்காக வாங்கியவர்களுக்கு அந்த இழப்பு கடைசிவரை தெரிந்திருக்காது. ஒரே பெட்டிக்குள் பல கணினிகளை ஓட்ட நினைத்தவர்களுக்குத்தான் அது தலைவலி. கிராபிக்ஸ் கார்டையோ நெட்வொர்க் கார்டையோ உள்ளே ஓடும் ஒரு மெய்நிகர் கணினியிடம் நேரடியாக ஒப்படைக்க விடி-டி வேண்டும். அது சிலிக்கானிலேயே அணைக்கப்பட்டிருந்தால் எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஐ7-4770கே மாடலிலும் இதே கதைதான். 2014-இல் வந்த ஐ7-4790கே-யில்தான் அந்த வசதி திரும்பியது.

வீட்டில் மெய்நிகர் சர்வர் வைக்க ஒரு டெஸ்க்டாப் செயலியைத் தேர்ந்தெடுப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் கிகாஹெர்ட்ஸ் எண் இந்த வேலைக்கு ஏறக்குறைய கடைசியாகப் பார்க்க வேண்டியது. செயலி தன் மேல் ஓடும் கணினிகளை எவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைக்கிறது, எவ்வளவு நினைவகத்தைத் தாங்குகிறது, சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது ஆகிய மூன்றும்தான் அதன் தகுதியைத் தீர்மானிக்கின்றன. கடைக்காரரின் விலைப்பட்டியலில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது.

வீட்டு சர்வர் ஒன்றின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் பிராக்ஸ்மாக்ஸ் நிறுவப்பட்டிருக்கிறது. மெய்நிகர் கணினிகளை ஓட்டுவதற்காக, ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2008 முதல் வெளியிட்டுவரும் திறமூல மென்பொருள் அது. அதன்மேல் விளம்பரங்களை வடிகட்டும் பை-ஹோல், வீட்டு விளக்குகளையும் சென்சார்களையும் கவனிக்கும் ஹோம் அசிஸ்டன்ட், குடும்பப் படங்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், திரைப்படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின், இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு ஃபயர்வால். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முழுக் கணினி இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடுகிறது. மாலையில் யாராவது படம் பார்க்கும்போதும் நள்ளிரவில் பேக்கப் எடுக்கும்போதும் செயலிக்கு வேலை உண்டு. மற்ற நேரமெல்லாம் அது பெரும்பாலும் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்த ‘நினைத்துக்கொண்டு’ என்ற இடத்தில்தான் பொறியியல் இருக்கிறது. இயங்குதளம் என்பது கணினி முழுவதும் தன் கட்டுப்பாட்டில் இருப்பதாக எண்ணி எழுதப்பட்ட மென்பொருள். அதன் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கியது அதற்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஹைப்பர்வைசரின் வேலை. ஐபிஎம் தன் பெருங்கணினிகளில் 1960-களின் பிற்பாதியிலேயே இதைச் செய்துகாட்டியது. 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் அது விற்பனைப் பொருளாகவே வந்தது. 1974-இல் கெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு துல்லியமான நிபந்தனையை எழுதினார்கள். கணினியின் நிலையை மாற்றக்கூடிய, அல்லது அந்த நிலையை வெளிக்காட்டக்கூடிய ஒவ்வொரு கட்டளையும், அதிகாரமில்லாத நிரல் ஒன்று அதைக் கொடுக்கும்போது செயலியை நிறுத்தி மேலிடத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அப்படி இருந்தால் அந்தச் செயலியை எளிதாக மெய்நிகராக்கலாம்.

வீட்டுக் கணினிகளில் இருந்த எக்ஸ்86 செயலி இந்தத் தேர்வில் தோற்றது. எப்படித் தோற்றது என்பதை ஒரே ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம். அதன் பெயர் பாப்எஃப். செயலிக்குள் ‘கொடிகள்’ எனப்படும் சிறு குறிகள் சில உண்டு. அவற்றில் ஒன்று, வெளியிலிருந்து வரும் அழைப்புகளைச் செயலி கவனிக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும். விசைப்பலகையில் ஒரு விசை தட்டப்பட்டதும், நெட்வொர்க்கில் ஒரு தகவல் துண்டு வந்து சேர்ந்ததும் அப்படிப்பட்ட அழைப்புகள். இயங்குதளம் முக்கியமான வேலையில் இருக்கும்போது அந்தக் கொடியை இறக்கிவைக்கும், முடிந்ததும் ஏற்றும். பாப்எஃப் அதைச் செய்ய உதவும் கட்டளை. அதிகாரமில்லாத நிலையிலிருந்து அதைக் கொடுத்தால் செயலி தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். எக்ஸ்86 நிறுத்தாது. அந்தக் கொடியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். உள்ளே ஓடும் இயங்குதளம் அழைப்புகளை நிறுத்திவிட்டதாக நம்பும். ஹைப்பர்வைசருக்கோ அது கேட்ட விஷயமே தெரியாது. பென்டியம் செயலியில் இப்படி வாய்மூடிப் போகும் கட்டளைகள் 17 இருப்பதாக ராபினும் சிந்தியா இர்வினும் 2000-இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் பட்டியலிட்டார்கள்.

இதற்குச் சுற்றுவழி கண்டதுதான் 1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனத்தின் சாதனை. உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகளை ஓட ஓடவே படித்து, ஆபத்தானவற்றைப் பாதுகாப்பான கட்டளைகளாக மாற்றி எழுதியது அதன் மென்பொருள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸென் 2003-இல் வேறு பாதையில் போனது. இயங்குதளத்தையே திருத்தி, ஹைப்பர்வைசரோடு ஒத்துழைக்க வைத்தது. செயலி தயாரிப்பாளர்கள் விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். 2005 நவம்பரில் பென்டியம் 4 வரிசையின் 662, 672 மாடல்களில் இன்டெல் ‘விடி-எக்ஸ்’ வசதியைச் சேர்த்தது. 2006-இல் ஏஎம்டி தன் பங்குக்கு ‘ஏஎம்டி-வி’யைக் கொடுத்தது. இப்போது உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கென்றே செயலியில் தனி நிலை ஒன்று வந்துவிட்டது. பாப்எஃப் பிரச்சினை வன்பொருளிலேயே தீர்ந்தது.

தீர்ந்ததே தவிர, வேகம் வந்துவிடவில்லை. விஎம்வேரின் கீத் ஆடம்ஸும் ஓலே அகெசனும் 2006-இல் அளந்து பார்த்தபோது, பல வேலைகளில் பழைய மென்பொருள் முறையே புதிய வன்பொருள் முறையை முந்தியது. மெய்நிகர் கணினியிலிருந்து ஹைப்பர்வைசருக்கு ஒருமுறை தாவுவதற்கு அந்த முதல் செயலிகள் ஆயிரக்கணக்கான சுழற்சிகளைச் செலவிட்டன. அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்தச் செலவு படிப்படியாகக் குறைந்தது. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னலின் 2.6.20 பதிப்பில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தது. வன்பொருள் உதவி இருக்கும் என்று எடுத்துக்கொண்டே எழுதப்பட்டதால் அது சிறியதாக, எளியதாக இருந்தது. பிராக்ஸ்மாக்ஸின் அடித்தளம் இன்றும் அதுதான்.

பெரிய தாமதம் நினைவகத்தில் இருந்தது. ஒரு நிரல் கேட்கும் முகவரிக்கும் ராமில் உள்ள உண்மையான இடத்துக்கும் நடுவே நான்கு அடுக்கு அட்டவணைகள் உண்டு. சாதாரணக் கணினியில் மோசமான நிலையில் நான்கு முறை ராமைத் தொட்டால் முகவரி கிடைத்துவிடும். மெய்நிகர் கணினியில் அந்த அட்டவணைகள் இருக்கும் முகவரிகளே கற்பனை முகவரிகள். ஒவ்வோர் அடுக்கைப் படிக்கவும் முதலில் வெளியே உள்ள நான்கு அடுக்குகளைப் படிக்க வேண்டும். ஓர் அடுக்குக்கு ஐந்து முறை என்றால் நான்கு அடுக்குக்கு 20. கடைசியில் கிடைக்கும் முகவரியை மாற்ற இன்னொரு நான்கு. ஆக 24. ஏஎம்டி 2007-இலும் இன்டெல் 2008-இல் நெஹலேம் செயலிகளிலும் இந்த இரட்டை நடையைச் செயலியே செய்யும்படி அமைத்தன. ஒருமுறை கண்டுபிடித்த முகவரிகளைச் செயலி நினைவில் வைத்துக்கொள்வதால் 24 முறையும் நடப்பது அபூர்வம். டேட்டாபேஸ் போல நினைவகத்தை அதிகம் புரட்டும் வேலைகளுக்கு 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களை ஒதுக்கினால் அது இன்னும் அபூர்வமாகும்.

இன்று கடையில் கிடைக்கும் எந்த டெஸ்க்டாப் செயலியிலும் இவையெல்லாம் உண்டு. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 2008-இல் வந்த கோர் 2 குவாட் கியூ8200 நான்கு கோர் செயலிதான்; ஆனால் விடி-எக்ஸ் இல்லை. 2009-இல் விண்டோஸ் 7-க்குள் பழைய எக்ஸ்பியை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தபோது அதற்கு வன்பொருள் உதவி கட்டாயம் என்றது. புத்தம்புதுக் கணினி வாங்கியவர்கள் பலர் தங்கள் செயலியில் அது இல்லை என்று அப்போதுதான் அறிந்தார்கள். 2010 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அந்த நிபந்தனையையே கைவிட்டது.

செயலியைப் பற்றிய பேச்சு மதர்போர்டைத் தொடாமல் முடியாது, முக்கியமாகச் சாதனங்களை ஒப்படைக்கும் விஷயத்தில். விடி-டி, ஏஎம்டியில் ஐஓஎம்எம்யூ, இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. நெட்வொர்க் கார்டு போன்ற சாதனங்கள் செயலியைக் கேட்காமலேயே ராமில் நேரடியாக எழுதக்கூடியவை. அப்படிப்பட்ட ஒன்றை ஒரு மெய்நிகர் கணினியிடம் கொடுத்தால், அது அடுத்த கணினியின் நினைவகத்திலும் எழுதிவிடலாம். ஐஓஎம்எம்யூ நடுவில் நின்று, அந்தச் சாதனம் தொடக்கூடிய எல்லையைக் கட்டுப்படுத்துகிறது.

சாதனங்களை அது தனித்தனியாகப் பிரிக்காமல் குழுக்களாகப் பிரிக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. தங்களுக்குள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ள வாய்ப்புள்ள சாதனங்கள் ஒரே குழுவில் சேரும். குழுவை உடைத்து ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்க முடியாது. பி550 சிப்செட் போர்டுகள் பலவற்றில் லினக்ஸைப் போட்டு இந்தக் குழுக்களைப் பட்டியலிட்டால் நிலவரம் தெரியும். செயலியோடு நேராக இணைந்த முதல் கிராபிக்ஸ் ஸ்லாட்டும் முதல் எஸ்எஸ்டியும் தனித்தனிக் குழுவில் அழகாக நிற்கும். சிப்செட் வழியாக வரும் சாட்டா கன்ட்ரோலர், யுஎஸ்பி, நெட்வொர்க் போர்ட், இரண்டாவது ஸ்லாட் எல்லாம் ஒரே குழுவில் மூட்டையாகக் கிடக்கும். ஃபயர்வாலுக்கு நெட்வொர்க் போர்ட்டைக் கொடுக்கப் போனால் ஹார்ட் டிஸ்க்குகளும் சேர்ந்து போய்விடும். சாதனங்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்வதைக் கட்டுப்படுத்தும் ‘ஏசிஎஸ்’ தடுப்பை மீறச் சொல்லும் ஒரு கெர்னல் திருத்தம் புழக்கத்தில் இருக்கிறது. அது குழுக்களைப் பிரித்துக் காட்டுமே தவிர, சாதனங்களுக்கு நடுவே இல்லாத சுவரைக் கட்டிக் கொடுக்காது. இணையத்தைப் பார்த்து நிற்கும் ஃபயர்வாலுக்கு அதைப் பயன்படுத்துவது தவறு. எக்ஸ்570 போர்டுகள் இந்த விஷயத்தில் பொதுவாகத் தேவலாம். நெட்வொர்க் கார்டு, டிஸ்க் கார்டு என்று இரண்டையும் ஒப்படைக்கத் திட்டமிடுபவர் செயலியைவிட போர்டைத் தேர்வு செய்ய அதிக நேரம் ஒதுக்குவது நல்லது.

கோர்கள் எத்தனை வேண்டும்? பலர் நினைப்பதைவிடக் குறைவு. மெய்நிகர் கணினிகளுக்கு ஒதுக்கும் கோர்களின் கூட்டுத்தொகை உண்மையான கோர்களைவிட அதிகமாக இருக்கலாம். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை கேட்பதில்லை. பை-ஹோலுக்கு ஒரு கோரே தாராளம். நான்கு கோர் செயலியில் ஏழெட்டுச் சிறு சேவைகள் தொந்தரவில்லாமல் ஓடும். தவறு வேறு பக்கம் நடக்கிறது. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ‘இருக்கட்டுமே’ என்று எட்டு எட்டாக ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கிய கணினி ஒன்றில் ஒரு கோர் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஹைப்பர்வைசர் அதை ஓரங்கட்டிவிட்டால், மற்ற ஏழும் அந்தப் பூட்டுக்காகச் சும்மா சுற்றும். இதைக் கண்ணால் பார்க்கலாம். மெய்நிகர் கணினிக்குள் ‘டாப்’ கட்டளையைக் கொடுத்தால் மேல்வரிசையில் கடைசியாக ‘எஸ்டி’ என்றொரு எண் வரும். தனக்கு வர வேண்டிய செயலி நேரத்தில் எத்தனை சதவீதம் வேறு எங்கோ போனது என்பதை அது சொல்லும். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் புதுச் செயலி வாங்கக் காரணமே இல்லை.

2021 நவம்பரில் வந்த இன்டெலின் 12-ஆம் தலைமுறை இந்தக் கணக்கில் ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. ஒரே செயலியில் வேகமான பெரிய கோர்கள் சில, சிக்கனமான சிறிய கோர்கள் சில. பெரிய சர்வர்களுக்காக எழுதப்பட்ட விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, எல்லாக் கோர்களும் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தது. வேறுபாட்டைக் கண்டதும் ஊதாத் திரையைக் காட்டி நின்றுவிட்டது. ஒரு தொடக்க அளவுருவைச் சேர்த்து அந்தச் சோதனையை முடக்கினால்தான் மேலே போகும். லினக்ஸ் அப்படி நிற்காது. ஆனால் ஒரு மெய்நிகர் கணினியின் கோர் இந்த நொடி பெரிய கோரிலும் அடுத்த நொடி சிறிய கோரிலும் ஓடக்கூடும். படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றுவது, நிரல்களைத் தொகுப்பது போன்ற கனமான வேலைகளுக்கு எந்தக் கோர்கள் என்று கட்டிவைக்கும் வசதி பிராக்ஸ்மாக்ஸில் இருக்கிறது. அந்த வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஐ5-12400 நிம்மதியான தேர்வு. ஆறும் பெரிய கோர்கள், கலப்பு இல்லை.

கோர்களைப் பற்றிப் பேசும்போது 2018-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான எல்1டிஎஃப் என்ற இன்டெல் செயலிக் குறைபாடு, ஒரு மெய்நிகர் கணினி அடுத்ததன் தகவலை முதல்நிலை கேஷிலிருந்து உறிஞ்ச வழி உண்டு என்று காட்டியது. கெர்னல் திருத்தங்கள் வந்துவிட்டன. இருந்தாலும் ஒரே கோரின் இரண்டு த்ரெட்களில் இரண்டு கணினிகள் ஓடும்வரை அந்தப் பழைய இன்டெல் செயலிகளில் பாதுகாப்பு முழுமையாகாது; ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்தால்தான் முழுமையாகும். ஏஎம்டி செயலிகளை இது பாதிக்கவில்லை. வீட்டில் உள்ள எல்லா மெய்நிகர் கணினிகளும் ஒருவருடையவை என்றால் பயம் குறைவு. வெளியாட்கள் நுழையும் சேவை ஒன்று அதே பெட்டியில் ஓடுகிறது என்றால் இதை யோசித்தே ஆக வேண்டும்.

செயலி நேரத்தைப் பகிர்ந்துகொள்வது போல ராமைப் பகிர முடியாது. ஒரே மாதிரியான பக்கங்களை ஒன்றாக்கும் வசதி லினக்ஸில் 2009 முதல் இருந்தாலும் அது ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். வீட்டு சர்வர்களில் முதலில் தீர்ந்துபோவது ராம்தான். அதனால் செயலி எவ்வளவு ராமைத் தாங்கும் என்ற எண் முக்கியம். ரைசன் 5000 வரிசை வரையிலான ஏஎம்4 போர்டுகளில் உச்சவரம்பு 128 ஜிபி. இன்டெல் என்100 போன்ற சிறு செயலிக்கு அந்நிறுவனம் சொல்லும் வரம்பு 16 ஜிபி, அதுவும் ஒற்றைச் சேனலில்.

அளவோடு நம்பகமும் சேர வேண்டும். 2009-இல் பியான்கா ஷ்ரோடரும் கூகுள் ஆய்வாளர்கள் இருவரும், கூகுளின் சர்வர்களில் இரண்டரை ஆண்டுகள் திரட்டிய பதிவுகளை வெளியிட்டார்கள். ராம் துண்டுகளில் 8 சதவீதத்துக்கும் மேல் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிழை கண்டவை. அதுவரை எல்லோரும் நம்பியிருந்ததைவிட அது மிக அதிகம். கூகுளிடம் இருந்தது பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி ராம். அதனால்தான் எண்ணவே முடிந்தது. சாதாரண ராமில் ஒரு பிட் புரண்டால் எந்தப் பதிவேட்டிலும் வராது. எங்கோ ஒரு குடும்பப் படத்தின் நடுவே ஒரு கோடு விழும், அல்லது ஒரு மெய்நிகர் கணினி காரணமில்லாமல் விழும். பத்து கணினிகளின் நினைவகம் ஒரே ராமில் இருக்கும் பெட்டிக்கு ஈசிசி ஆடம்பரம் இல்லை என்பதே இந்த அத்தியாயத்தின் உறுதியான கருத்து. டிடிஆர்5 ராமுக்குள்ளேயே ஈசிசி இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டும். ராமிலிருந்து செயலிக்கு வரும் பாதையை அது பாதுகாப்பதில்லை, பிழை நடந்ததை இயங்குதளத்துக்குச் சொல்வதும் இல்லை.

இந்த இடத்தில் இன்டெல் நீண்ட காலம் வாடிக்கையாளர்களைக் கஷ்டப்படுத்தியது. 9-ஆம் தலைமுறையில் விலை குறைந்த ஐ3-9100 சர்வர் சிப்செட்டோடு சேர்ந்து ஈசிசியை ஏற்கும்; அதைவிட விலை கூடிய ஐ5, ஐ7 ஏற்காது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இந்தக் கொள்கைக்காக இன்டெலை வெளிப்படையாகவே கடுமையாகச் சாடினார். 12-ஆம் தலைமுறை முதல் நிலைமை மாறியது. டபிள்யூ680 சிப்செட் போர்டில் ஐ5-13500 போன்ற செயலிகள் ஈசிசியோடு ஓடும். அந்தப் போர்டின் விலைதான் கொஞ்சம் அதிகம். ஏஎம்டி பக்கம் கதவு பாதி திறந்தே இருக்கிறது. சாதாரண ரைசன் செயலிகள் பெரும்பாலானவற்றில் ஈசிசி வேலை செய்யும், ஆனால் போர்டு தயாரிப்பாளர் அதை அனுமதித்திருக்க வேண்டும். ஒரு பொறி மட்டும் உண்டு. உள்ளேயே நல்ல கிராபிக்ஸ் கொண்ட 5700ஜி போன்ற ‘ஜி’ மாடல்களில் ஈசிசி கிடையாது; அதன் ‘ப்ரோ’ வடிவமான 5750ஜி-யில் உண்டு.

இனி மின்சாரம். பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்துத் தேர்வு செய்பவர்கள் ஏமாறுகிறார்கள். ஐ5-12400-க்கு 65 வாட் என்று எழுதியிருக்கும். முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். ஐ9-13900கே-யில் 125 என்பது 253 ஆகும். ரைசன் 9 7950எக்ஸில் 170 என்பது 230 ஆகும். இந்த எண்களெல்லாம் முழு உழைப்பின்போது. நாளில் இருபது மணி நேரத்துக்குமேல் காத்திருக்கும் சர்வருக்கு அவை கிட்டத்தட்ட பொருத்தமற்றவை.

சும்மா இருக்கும்போது 60 வாட் எடுக்கும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் அது 86 யூனிட் ஓடிவிடும். 2016-இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். மின்விசிறிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் முன்பே சர்வர் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. அதே பெட்டி 20 வாட்டில் நின்றால் 29 யூனிட்டுக்குள் முடியும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ரைசன் 9 7900, 5950எக்ஸ் போன்ற செயலிகள் ஒரே துண்டில் செய்யப்பட்டவை அல்ல. கோர்கள் ஒன்றிரண்டு சிறு துண்டுகளில், ராமையும் ஸ்லாட்களையும் கவனிக்கும் பகுதி இன்னொரு துண்டில். கோர்கள் தூங்கினாலும் இந்த நடுத்துண்டும் இணைப்புகளும் விழித்தே இருப்பதால் சும்மா இருக்கும்போதும் செலவு குறைவதில்லை. 5700ஜி போன்றவையும் 12400 போன்ற இன்டெல் செயலிகளும் ஒற்றைத் துண்டு, ஆழ்ந்து தூங்கக்கூடியவை. அந்தத் தூக்கத்தையும் எளிதில் கெடுத்துவிடலாம். மின் சிக்கன நிலைக்குப் போகத் தெரியாத பழைய டிஸ்க் கார்டு ஒன்றைச் செருகினால் போதும், செயலி முழுவதும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முடியாமல் தவிக்கும். செயலியை மாற்றியும் பில் குறையவில்லை என்று வருந்துபவர்கள் ஸ்லாட்டில் என்ன செருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உச்ச வேகத்தை நம்பி வாங்குவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு என்பதை 2024 காட்டியது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் செயலிகள் காலப்போக்கில் நிலைகுலைந்தன. தேவைக்கு மீறிய மின்னழுத்தம் சிலிக்கானைத் தேய்த்துவிட்டது. அவற்றை நாள் முழுக்க ஓட்டிய விளையாட்டு சர்வர் நடத்துநர்கள் முதலில் புகார் சொன்னவர்களில் அடக்கம். இன்டெல் ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் தேய்மானத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. அந்தத் தலைமுறைச் செயலியைப் பழையதாக வாங்குவது நல்லதல்ல. புதிதாக வாங்கினாலும் முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பதுதான்.

ஆக, என்ன வாங்கலாம்? விளம்பரத் தடுப்பு, ஹோம் அசிஸ்டன்ட், சிறு ஃபயர்வால் என்ற அளவில் நிற்பவருக்கு 6 வாட் என்100 போதும். விடி-டி வரை எல்லாம் அதில் உண்டு. ஜெல்லிஃபின் வேண்டும் என்றால் இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸ் பெரிய உதவி. படத்தை மாற்றும் வேலையைக் கோர்களைத் தொடாமல் அது முடித்துவிடும். ‘எஃப்’ என்று முடியும் மாடல்களில் அந்தக் கிராபிக்ஸ் அணைக்கப்பட்டிருக்கும் என்பதால் சிறு சேமிப்புக்காக அவற்றை வாங்க வேண்டாம். படங்களையும் ஆவணங்களையும் ஆண்டுக்கணக்கில் காக்கப்போகும் பெட்டி என்றால் டபிள்யூ680 போர்டும் ஐ5-13500-உம், ஈசிசி ராமும். ஒரே பெட்டியில் குபெர்னெட்டிஸ் கற்பவர், நிரல்களைத் தொகுப்பவர், விண்டோஸ் டெஸ்க்டாப்புகள் ஓட்டுபவர் ஆகியோருக்கு ரைசன் 9 7900. பன்னிரண்டு ஒரே மாதிரிக் கோர்கள், முழு உழைப்பிலும் 88 வாட்டுக்குள் அடங்கும். சும்மா இருக்கும்போது சில வாட் கூடுதலாகப் போவதை அவர்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இப்போது நல்ல காலம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 7-ஆம் தலைமுறைக் கோர் செயலிகள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்களில் இருந்த சிறு டெஸ்க்டாப்புகள் பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் இருக்கும் ஐ5-7500டி போன்ற 35 வாட் செயலிகளில் விடி-எக்ஸ், விடி-டி, இரட்டை அட்டவணை நடை எல்லாம் உண்டு. இன்றைய பிராக்ஸ்மாக்ஸ் அவற்றில் குறையில்லாமல் ஓடும். எல்1டிஎஃப் பாதிக்கும் தலைமுறை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஐ5-7500டி-யில் ஹைப்பர்த்ரெடிங் இல்லாததால் அங்கேயும் பாதிச் சிக்கல் இல்லை.

பழையதோ புதியதோ, பணம் கொடுப்பதற்குமுன் பயாஸுக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. இன்டெல் பெட்டிகளில் விடி-எக்ஸுக்கும் விடி-டி-க்கும் தனித்தனிச் சுவிட்சுகள் இருக்கும். ஏஎம்டி போர்டுகளில் அது ‘எஸ்விஎம்’ என்ற பெயரில் உள்மெனுவில் ஒளிந்திருக்கும்; பலவற்றில் அணைத்தே வருகிறது. பிறகு பென் டிரைவில் உள்ள லினக்ஸால் கணினியைத் தொடங்கி, செயலியின் கொடிப் பட்டியலில் இன்டெலுக்கு ‘விஎம்எக்ஸ்’, ஏஎம்டிக்கு ‘எஸ்விஎம்’ என்ற சொல் வருகிறதா என்று தேட வேண்டும். கெர்னல் பதிவில் ஐஓஎம்எம்யூ இயங்கத் தொடங்கிய வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் அனுமதித்தால் பத்து நிமிடத்தில் முடிகிற சோதனை இது. நெட்வொர்க் போர்ட் எந்தக் குழுவில் விழுகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.